தவிட்டுக்கு வாங்கிய தும்பை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி ஆனால் போதும், தாட்சாயணி முகம் கழுவி, தலை சீவி, டி.வி.க்கு முன்னால் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடுவாள். சிரிக்க மாட்டாள், அழ மாட்டாள். உதட்டைக் கடிப்பது, புருவத்தைத் தூக்குவது எதுவும் கிடையாது. உயிருக்கு உயிரான பெண் திரையில் ஓடுவாள், விழுவாள், எழுந்து நின்று ஊரையே வாயால் கிழித்துத் தோரணம் கட்டுவாள். இவளோ ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும் கைபேசியை எடுத்து, "இந்தச் சனியன் இன்னும் சாகலையா?" என்று எழுதி, ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி போடுவாள். போட்டுவிட்டு மனசுக்குள், 'என் கண்ணே, நீ நூறு வயசு இருக்கணும்' என்று சொல்லிக்கொள்வாள்.

பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். பைத்தியம் பிடித்திருந்தது காலத்துக்கு. அதைச் சொன்னால்தான் இது புரியும்.

'ஏழாம் மதகு' என்று ஒரு அனிமேஷன் தொடர். கடல் ஊருக்குள் புகுந்துவிட்ட பிறகு வரும் காவிரிக் கழிமுகம்தான் கதை நடக்கும் இடம். குடிதண்ணீரை மதகுகளுக்குள் பூட்டிவைத்திருக்கும் பெரிய மனிதர்கள், அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவித் தண்ணீர் கடத்தும் ஒரு பெண். பெயர் தும்பை. பதினைந்து வயது, முன்பல் ஒன்று உடைந்திருக்கும். எந்தக் கொம்பன் வந்து மிரட்டினாலும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் என்ன உங்க வீட்டுப் பாயா, சுருட்டி மூலையில வைக்க?" என்பாள். அந்த வசனத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். தும்பை மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு கல்யாண வரவேற்பில் மணப்பெண்ணே வந்து நின்ற கதையெல்லாம் உண்டு.

தாட்சாயணி வடபழனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். விவாகரத்து முடிந்து, முப்பத்தாறு வயதில், ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்த வருஷத்தில்தான் இந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தாள். அதுவரை யார் என்ன சொன்னாலும் 'சரிங்க' என்று தலையாட்டிய ஜன்மம். ஒரு தீபாவளிக்கு மேனேஜர் அவளைக் கேட்காமலேயே இரண்டு ஷிப்ட் போட்டு வைக்க, எங்கிருந்துதான் வந்ததோ, "நான் என்ன உங்க வீட்டுப் பாயா சார்?" என்று கேட்டுவிட்டாள். மேனேஜர் வாயைப் பிளந்தார். ஷிப்ட் மாறியது. அன்றிலிருந்து அவள் தும்பைக்கு அடிமை. கையுறை வந்த அட்டைப்பெட்டிகளின் பின்பக்கமெல்லாம் பேனாவால் தும்பையை வரைந்து வைத்திருந்தாள்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தொடரை எழுதுவது மனிதர்கள் இல்லை. ஒரு இயந்திரம். தொடரைத் தயாரிக்கும் கம்பெனியின் ஏதோ ஒரு கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, வாராவாரம் அதுவே கதை கட்டி அதுவே படம் போட்டது. குறைந்த சந்தாவில் பார்க்க வேண்டுமென்றால் டி.வி.யின் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும். யார் முகம் எங்கே சுருங்குகிறது, எங்கே மலர்கிறது என்று பார்க்கும். நாம் எழுதுவதைப் படிக்கும், பேசுவதைக் கேட்கும். ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் 'மாமியார்'. வீட்டில் எவளாவது சந்தோஷமாக இருந்தால் அதற்குப் பொறுக்காது, அதனால்.

முதலில் போனது மூக்கையா தாத்தா என்ற படகுக்காரர். அவர் பிறந்தநாளுக்கு ரசிகர்கள் ஊர் ஊராகக் கேக் வெட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே ஆள் காலி. பிறகு 'வடை' என்று ஒரு நாய். அதன் படத்தை எல்லோரும் கைபேசி முகப்பில் வைத்துக் கொஞ்சிய வாரத்தில் முதலை இழுத்துக்கொண்டு போயிற்று. தாட்சாயணி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ரசிகர் வட்டத்தில் நம்பிராஜன் என்று ஒரு பையன், விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை. இந்த மாதிரி இயந்திரங்களோடு மாரடிப்பதுதான் அவன் பிழைப்பு. பெசன்ட் நகர் கடற்கரையில் வட்டம் கூடியபோது அவன்தான் விளக்கினான்.

"அக்கா, அது யாரையும் வெறுத்துக் கொல்லலை. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். யார் செத்தா நாம அதிகமா அழுவோம்? ஒருத்தர் மேல நம்ம பாசம் ஏறிக்கிட்டே போகும் பாருங்க, உச்சிக்கு வந்ததும் அறுத்துடும்."

"அப்ப தும்பை?"

"இப்ப போற வேகத்துக்கு, பொங்கலைத் தாண்ட மாட்டா."

தாட்சாயணி கடலைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பா பேரு என்ன தெரியுமா?" என்றாள்.

"என்னக்கா, இப்பப் போய்..."

"பிச்சைமுத்து. அவருக்கு முன்னாடி மூணு பிள்ளைங்க பிறந்து பிறந்து செத்துப்போச்சு. இவர் பிறந்ததும் குப்பைமேட்டுல கொண்டுபோய்ப் போட்டாங்க. பக்கத்து வீட்டம்மா எடுத்துக்கிட்டாங்க. அவங்ககிட்டேருந்து ஒரு படி தவிடு குடுத்து வாங்கினாங்களாம். பிச்சைன்னு பேரு. எமன் வந்து எட்டிப் பார்த்தா, 'சீச்சீ, தவிட்டுக்கு வாங்கின பிச்சைக்காரப் பயல், இது எதுக்கு நமக்கு'ன்னு போயிடணும். எழுபத்தெட்டு வயசு வரைக்கும் எங்கப்பா கல்லு மாதிரி இருந்தாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நம்பியும் சிரித்தான்; பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா," என்றான், "இது வேலை செய்யும்க்கா."

அப்படி ஆரம்பித்ததுதான் தவிட்டு விரதம். பார்க்கும்போது முகத்தில் ஈ ஆடக்கூடாது. பார்த்து முடித்ததும் தும்பையைத் திட்டி ஏதாவது எழுத வேண்டும். ஆசை தீரக் கொஞ்ச வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கடற்கரைக்கு வரலாம். அலைச் சத்தத்துக்கு நடுவில் நின்று, "தும்பை, நீ ராசாத்திடி!" என்று கத்திவிட்டுப் போகலாம். வயசான வங்கி அதிகாரி ஒருவர் அப்படிக் கத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வதைத் தாட்சாயணியே பார்த்திருக்கிறாள்.

திட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இல்லையா, உள்ளே நிறையச் சேர்ந்திருந்தது. "இவ குரலைக் கேட்டா காய்ச்சின பாலும் திரிஞ்சு போகும்" என்று ஒன்று எழுதினாள் பாருங்கள், அது பிய்த்துக்கொண்டு போயிற்று. கேலிப் படமாக வந்தது. கல்லூரி மேடையில் ஒருவன் சொல்லிக் கைத்தட்டு வாங்கினான். பொங்கல் வந்து போயிற்று. தொடரில் வாத்தியார் ஒருவர் செத்தார், இரட்டையர் இருவர் செத்தார்கள். தும்பை மட்டும் அசையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எமனையே ஏமாற்றிய குடும்பத்துப் பெண் என்று தாட்சாயணியைக் கொண்டாடினார்கள். அவளுக்கும் தலைகால் புரியவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை. பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு வந்தவர்களின் கூட்டமும் எரிச்சலும். ஒரு பெண் நாற்காலியில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். முப்பது வயது இருக்கும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வளையல் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. சீட்டில் ஜெசிந்தா, ராயபுரம் என்று இருந்தது. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை என்று டாக்டர் எதையும் விடாமல் எழுதியிருந்தார்.

"சிஸ்டர், மெதுவா குத்துங்க," என்றாள்.

பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்ன வார்த்தைதான். தாட்சாயணியின் கையில் ஊசி அப்படியே நின்றுவிட்டது. லேசான கரகரப்பு, வார்த்தை முடிகிற இடத்தில் ஒரு சின்னத் தூக்கல். திருவிழாக் கூட்டத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். தும்பை! தும்பை அவளுக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்!

கதை, படம் எல்லாம் இயந்திரம் போட்டாலும் குரலுக்கு மட்டும் கம்பெனி ஆட்களை வைத்திருந்தது. பேசுகிறவர்களின் பெயரை வெளியே விடுவதில்லை. அது தெரிந்ததுதான். ஆனால் தும்பையின் தொண்டைக்குப் பின்னால் ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒரு ஜெசிந்தா இருப்பாள் என்று இத்தனை நாளில் ஒரு தரம்கூட அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டாள்.

"டப்பிங். கார்ட்டூனுக்கு."

"எந்தக் கார்ட்டூன்?"

ஜெசிந்தா தயங்கினாள். "சொன்னா கோபத்தை ஊசியில காட்டிடுவீங்க, சிஸ்டர்," என்று சிரிக்கப் பார்த்தாள். "யாருக்குமே பிடிக்காத பொண்ணு ஒருத்தி இருக்கா. அவளுக்கு."

தாட்சாயணி அவள் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள்.

"என் குரலைக் கேட்டா பால் திரிஞ்சு போகுமாம். எங்க சர்ச் பாட்டுக் குழுவுல கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து பாடிட்டிருந்தேன். நிறுத்திட்டேன். எழுந்து நின்னாலே எல்லாரும் அதைத்தான் நினைக்கிற மாதிரி இருக்கு. வீட்டுல பொண்ணுக்குக் கதை சொல்றதுகூட இல்ல. அம்மா, உனக்குத் தொண்டை கட்டிருக்கான்னு அது கேக்குது."

ஊசி நரம்பைத் தவறவிட்டது. இரண்டாம் முறை குத்த வேண்டியிருந்தது. "மன்னிச்சிடுங்க," என்றாள் தாட்சாயணி. "பரவாயில்ல சிஸ்டர், எனக்கு எப்பவுமே நரம்பு கிடைக்காது," என்றாள் ஜெசிந்தா.

அந்த வாரம் முழுக்கத் தாட்சாயணிக்குச் சோறு இறங்கவில்லை. டி.வி.யில் தும்பை பேசினால் அந்தத் துருத்திய கழுத்தெலும்புதான் தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை தும்பை ஒரு இடத்தில் தேம்ப, திட்டுகிற ஊரே உருகிற்று. 'பாவி, இது நடிப்பு இல்லடி' என்று அவளுக்கு அடித்துக்கொண்டது. எழுதுவதற்குக் கைபேசியை எடுத்தாள், கை வரவில்லை. அவள் எழுதாவிட்டால் என்ன, எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லிடலாம்டா. எலும்பும் தோலுமா இருக்கா."

"வேணாம்க்கா. அவங்களுக்குத் தெரிஞ்சா குரல் மாறும். குரல் மாறினா மாமியார் முழிச்சுக்கும்."

"அப்ப நாம திட்டுறதையாவது நிறுத்துவோம்."

நம்பி மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். "நிறுத்தி என்ன ஆகப்போகுது? நம்ம வட்டம் நானூறு பேர். இப்பத் திட்டுறது நாலு லட்சம் பேர். அவங்களுக்கு விரதமும் தெரியாது, தவிடும் தெரியாது. நிஜமாவே திட்டுறாங்க."

"நிஜமாவா?"

"பின்ன? ஊரே கல்லெறியுதுன்னா நாமளும் ஒண்ணு விட்டெறிவோம்னு வர்றவன்தான் முக்கால்வாசி. நாம சும்மா பத்த வெச்சோம். இப்ப நெஜமா எரியுது."

விளையாட்டு வினையாயிற்று என்பார்களே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக விளங்கியது.

ஜெசிந்தாவின் ரிப்போர்ட் கைபேசிக்கே போக வேண்டியது. தாட்சாயணி அதை நிறுத்தி வைத்து, நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒரு நோயாளியைக் கூப்பிட்டால் அவள் என்ன நினைப்பாள் என்று அந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. ஜெசிந்தா வந்து நின்றபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"சிஸ்டர், பெரிய வியாதியா? சொல்லிடுங்க. பொண்ணு யு.கே.ஜி.தான் படிக்குது."

"ஐயோ, இல்லம்மா! எல்லாமே சரியா இருக்கு. உடம்புல ஒண்ணுமே இல்ல."

"அப்ப ஏன் வரச் சொன்னீங்க?" என்று கேட்டவள், நின்ற இடத்திலேயே அழுதாள். தாட்சாயணிக்குத் தன்னை எதைக்கொண்டு அடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருவரின் கைபேசியையும் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, அவளைப் பக்கத்துச் சாத்துக்குடி ஜூஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அந்தத் திட்டையெல்லாம் ஏம்மா படிக்கிறீங்க? பார்க்காம விட்டுடலாம்ல?"

"நான் எங்க படிக்கிறேன்? அவங்கதான் கேக்க வைக்கிறாங்க."

"யாரு?"

"ஸ்டுடியோவுல. ஹெட்போனை மாட்டினதும் முதல்ல அந்த வாரத் திட்டு. யாரோ காதுல வாசிக்கிற மாதிரி ஓடும். ரசிகர் கருத்து கேக்கணும்னு காண்ட்ராக்ட்லயே இருக்காம். அது முடிஞ்சதும்தான் சீன் வரும். முன்னெல்லாம் அழுகை சீனுக்கு அஞ்சு டேக், ஆறு டேக் போவும். இப்ப ஒரே டேக்ல ஓகே. நான் நடிக்கவே வேணாம் சிஸ்டர், வாயைத் திறந்தாலே அழுகைதான் வருது."

தாட்சாயணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பளிச்சென்று புரிந்துவிட்டது. மாமியாரை யாரும் ஏமாற்றவில்லை. தும்பையைக் கொன்றால் ஊர் ஒரு வெள்ளிக்கிழமை அழும். ஜெசிந்தாவை வதைத்தால் வாராவாரம் அழும். அது லாபக் கணக்கு பார்த்துத் தும்பையை உயிரோடு வைத்திருக்கிறது. தவிடும் இல்லை, விரதமும் இல்லை. அடிக்கிற சாட்டையைத்தான் இவர்கள் முறுக்கி முறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் இவளுக்கு மனசு ஆறும். மனசு ஆறினால் குரலில் அந்த வலி இருக்காது. வலி இல்லையென்றால் தும்பையை வைத்துக்கொண்டு மாமியாருக்கு என்ன வேலை?

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தும்பை, என்னை மன்னிச்சுக்கடி.

"ஜெசிந்தா, அந்தப் பால் திரியற வசனம், அது நான் எழுதினது."

முழுவதையும் சொன்னாள். மூக்கையா தாத்தா, வடை, பிச்சைமுத்து, கடற்கரை, கத்திவிட்டு அழும் வங்கி அதிகாரி, ஒன்றும் விடவில்லை. ஜெசிந்தா ஜூஸைத் தொடவில்லை. கேட்டு முடித்தபோது அவள் முகம் கறுத்திருந்தது.

"பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!" என்றாள். இப்போது அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது. "வரைஞ்ச பொண்ணு அது. அவளைக் காப்பாத்த நானூறு பேர் கூட்டம் போட்டீங்க. அவளுக்குள்ள ஒருத்தி உசுரோட மூச்சு விட்டுக்கிட்டு இருக்காளேன்னு நானூறு பேர்ல ஒருத்தருக்கும் தோணலையா?"

தாட்சாயணி தலை நிமிரவில்லை. "தோணலை," என்றாள்.

ஜூஸ்காரர் பழம் பிழிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஜெசிந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேறு குரலில் கேட்டாள்: "அக்கா, எல்லாருமேவா? அத்தனை பேரும் பாசத்துலதான் திட்டுறாங்களா?"

அந்தக் கண்ணில் அப்போது வந்த ஆசையைப் பார்த்திருக்க வேண்டும். மிட்டாய்க்குக் கை நீட்டுகிற குழந்தைக்குக்கூட அவ்வளவு ஆசை இருக்காது.

"எல்லாரும்தான்," என்றாள் தாட்சாயணி.

"சத்தியமா?"

"சத்தியமா."

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று பயந்த வயசு அவளுக்கும் இருந்தது. குத்தட்டும் என்று விட்டுவிட்டாள். ஜெசிந்தா சிரிக்க ஆரம்பித்தாள். வாய்விட்டு, வயிறு குலுங்க, மூச்சு முட்டச் சிரித்தாள். "பால் திரிஞ்சு போகுமாமே! பாவி, என்னமா எழுதியிருக்கீங்க!" என்று தாட்சாயணியின் தோளில் அடித்தாள். வாராவாரம் கல்லாக உட்கார்ந்து கேட்ட அதே சிரிப்பு, கை தொடும் தூரத்தில்.

"மைக் முன்னாடி மட்டும் பழையபடி அழுதுடுங்க," என்றாள் தாட்சாயணி.

"நடிக்கிறதுதானேக்கா என் தொழில். பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தும்பை வாயைத் திறந்ததும் தாட்சாயணிக்குப் பகீரென்றது. குரல் துள்ளிற்று. அழ வேண்டிய இடத்தில்கூட அடியில் ஒரு சந்தோஷம் ஓடியது. சந்தனத்தை மூடி வைத்தாலும் வாசம் வருமே, அப்படி. "நான் என்ன உங்க வீட்டுப் பாயா?" என்று அவள் கேட்டபோது தாட்சாயணி விரதத்தை மறந்து, கேமரா பார்க்கப் பார்க்கச் சிரித்துவிட்டாள். அடுத்த நொடியே பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் சிரித்தது சிரித்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை நம்பி அவளைப் பார்த்ததுமே கேட்டான். "சொல்லிட்டீங்கல்ல?"

"ஆமாடா."

"தும்பையை நீங்களே கொன்னுட்டீங்க."

அவள் மறுக்கவில்லை. அடுத்த வாரம் இல்லை, அதற்கடுத்த வாரம் அது நடந்தது. ஏழாம் மதகைத் திறக்கும் சக்கரத்தைத் தும்பை தோளால் முட்டிச் சுற்றினாள், வெள்ளம் வந்தது, அவளையும் சேர்த்துக்கொண்டு போயிற்று. தாட்சாயணி சாவு வீட்டில் அழுவதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த போர்ஷன்காரி ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். என்னவென்று சொல்வது? வட்டத்தில் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். கடற்கரைக் கூட்டமே கலைந்துவிட்டது. நானூறு பேரும் தும்பைக்காக வெளிப்படையாக ஒப்பாரி வைத்தார்கள்; இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா அவளை ராயபுரத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மறுபடியும் பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டாளாம். மீன் குழம்பு ஊற்றும்போதே மகளுக்குச் சிங்கம், நரி என்று விதவிதமான குரலில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை சிரித்த சிரிப்பில் சோறு சிதறியது. தாட்சாயணி மெதுவாகச் சாப்பிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சோற்றில் ருசி தெரிந்தது. தும்பை போனது போனதுதான், இது இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு வந்ததும் ஜெசிந்தா கைபேசியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். இதெல்லாம் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. யாரோ என் பேரைக்கூடக் கண்டுபிடிச்சு அனுப்புறாங்க."

தாட்சாயணி வாங்கிப் பார்த்தாள். 'பீடை ஒழிஞ்சது. அந்தக் குரலையும் சேர்த்துப் புதைங்க.' 'இனிமே எந்தப் படத்துலயும் இவ வாயைத் திறக்கக் கூடாது.' விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நானூறு பேரில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

"நான் ஜாலியாத்தான் படிச்சிட்டிருந்தேன்," என்றாள் ஜெசிந்தா. "நேத்துதான் திடீர்னு தோணுச்சு. தும்பைதான் செத்துட்டாளே. இனிமே யாரைக் காப்பாத்த இப்படித் திட்டுறாங்க?"

உள்ளே குழந்தை நரி மாதிரி ஊளையிட்டுப் பழகிக்கொண்டிருந்தது.

"உங்களைத்தான்," என்றாள் தாட்சாயணி.

"என்னையா?"

"பின்ன? அடுத்த கேரக்டருக்கும் உங்களைத்தானே கூப்பிடணும். உங்க மேல கண்ணு பட்டுடக் கூடாதுல்ல."

ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்தாள். தாட்சாயணி கண்ணை எடுக்கவில்லை. அத்தனை வெள்ளிக்கிழமைகள் பழகிய முகம், ஒரு சுருக்கம் விழாமல் காத்துக்கொண்டாள். ஜெசிந்தா நம்பினாளா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாளா, அது இன்றுவரை தாட்சாயணிக்குத் தெரியாது.

"அப்படியா?" என்று ஜெசிந்தா சிரித்தாள். கைபேசியில் எழுதும் இடத்தைத் திறந்து அவள் பக்கமாக நகர்த்தினாள். "அப்ப நீங்களும் எனக்கு ஒண்ணு எழுதுங்கக்கா. எல்லாரும் எழுதியிருக்காங்க, உங்களோடது மட்டும் இல்ல. நல்லாக் காரமா எழுதுங்க."

தாட்சாயணி வாங்கிக்கொண்டாள். ஒரு சொல்லும் வரவில்லை. ஜெசிந்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே காத்திருந்தாள்.